மாப்பிள்ளை லெப்பையின் சட்டத் தமிழ்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து புறப்படும் மானிப்பாய் வீதி ஒட்டுமடத்தையும் ஆனைக்கோட்டையையும் கடந்து எங்கள் ஊரான மானிப்பாய்க்கு வருகிறது. அதன் நகரத்து முனையை அண்டிச் சோனகர் தெருவும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. இந்த முனையில் மருதடிப் பிள்ளையார் கோயிலும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையும். சைக்கிளில் சாவகாசமாக வந்தாலும் ஒரு மணித்தியாலம் பிடிக்காது. ஆனால் தமிழில் துறைநூல் எழுதியவர்களின் வரலாற்றில் இந்த இரண்டு முனைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

மானிப்பாய்க்காரர் எவரைக் கேட்டாலும் இரண்டு பெருமைகளைச் சொல்வார். ஒன்று, 1842இல் அமெரிக்க மிசன் அச்சியந்திரசாலையில் பதிப்பான அகராதி. ஏறக்குறைய 58,500 சொற்கள் கொண்ட அந்த நூலை யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். மற்றது, மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் தங்கி, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கியவர். இருவகையிலும் பெருமை நியாயமானது. ஆனால் அதே காலத்தில், பாக்கு நீரிணையின் அக்கரையில், கிறீனைவிட ஆறு வயது மூத்த ஒருவர் இன்னொரு முழுத் துறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். வைத்தியத்தையல்ல, சட்டத்தை. இஸ்லாமியச் சட்டத்தை.

அவர் சையித் முகம்மது ஆலிம். கீழக்கரைக்காரருக்கும் இலங்கைச் சோனகருக்கும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் சாகிப். அறபு நூல்களில் இமாமுல் அரூஸ். அரூஸ் மணமக்களைக் குறிக்கும் அறபுச் சொல். மாப்பிள்ளை என்ற தமிழ்ப் பெயரைத்தான் அறபு உடுத்தி அனுப்பியிருக்கிறார்கள். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்தார். தந்தை வெள்ளை அகமது ஆலிமும் மார்க்கக் கல்வியில் பேர்பெற்றவர். குடும்பம் கீழக்கரைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தைக்கா சாகிப் என்று அறியப்பட்ட அப்துல் காதிர் ஆலிமிடம் படித்தார். ஆசிரியர் தம் மகளையே மாணவருக்கு நிக்காஹ் செய்துகொடுத்தார். ஊர் அவரை மாப்பிள்ளை என்றது. அந்த அழைப்பே பட்டமாகி, 1898இல் அவர் மறைந்த பிறகும் நிலைத்துவிட்டது.

இந்தப் பெயரை வெறும் செல்லப்பெயராக விட்டுவிட முடியாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குப் போகும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டு வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் கற்பித்த ஃபிக்ஹு என்னும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் மகளுக்குச் சேரும் பங்கு மகனுடையதில் பாதி. ஏட்டில் அந்தக் கணக்கு, வீட்டில் இந்த வழக்கு. இரண்டுக்கும் நடுவே வாழ்ந்த ஒரு சட்ட அறிஞரின் பெயரே மாப்பிள்ளை என்றிருப்பது எனக்கு எப்போதும் சுவாரசியமாக இருந்திருக்கிறது.

கீழக்கரை அப்போதே ஒரு கல்வித் துறைமுகம். 17ஆம் நூற்றாண்டுச் சதக்கத்துல்லா அப்பாவும் வள்ளல் சீதக்காதியும் அடங்கியிருக்கும் ஊர். மரக்கலங்களும் முத்தும் சங்கும் இருந்தன. அவற்றோடு கிதாபுகளும் வந்தன. அங்கே மாப்பிள்ளை லெப்பை நிறுவியது அரூஸிய்யா தைக்கா. மதரசாவும் நூலகமும் காதிரிய்யாத் தரீக்காவின் ஒரு கிளையும் அங்கே ஒன்றாக வளர்ந்தன. சட்ட அறிஞர், சூஃபி வழிகாட்டி, கவிஞர், வணிகர் என்று இன்று தனித்தனிப் பெட்டிகளில் போடுகிற வேலைகள் அந்தக் காலத்து ஆலிமுக்கு ஒரே நாளின் வெவ்வேறு பொழுதுகள்தான். இலங்கைக்கு அவர் பலமுறை வந்தார். தென்மேற்குக் கரையோரச் சோனக ஊர்களில் அவருக்கு மாணவரும் முரீதுகளும் பெருகினார்கள். பள்ளிவாசல்களும் தைக்காக்களும் எழுந்தன. நபிகள் மீது அவர் பாடிய அறபுப் பாடலொன்றுக்கு ‘மின்ஹத்து சரந்தீப்’ என்று பெயர். சரந்தீபின் கொடை என்று பொருள். இந்தத் தீவோடு அவருக்கிருந்த உறவுக்கு அந்தத் தலைப்பே போதும்.

அவருடைய சட்டப் பணிக்கு மையம் ‘ஃபத்ஹுத் தய்யான்’. இறைநம்பிக்கையில் தொடங்கி, சுத்தம், தொழுகை, நோன்பு, ஸகாத்து, ஹஜ்ஜு என்று ஒரு சாதாரண முஸ்லிம் அறிந்திருக்க வேண்டியவற்றைத் தமிழில், அறபு எழுத்தில் சொல்கிற நூல். ‘மகானி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெருநூல் அதன் விரிவுரை. இரண்டும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டு நூல்களாயின. குறிப்பாகப் பெண்கள் படித்தார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு அறபு எழுத்துத் தெரியும், வீட்டில் பேசுவது தமிழ். இரண்டையும் சேர்த்தால் அறபுத் தமிழ் நூல் கைக்கு வந்துவிடும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் சட்டநூல் படித்தார்கள் என்பதை எங்கள் கல்வி வரலாறுகள் கணக்கெடுக்கவில்லை. தமிழ் எழுத்துத் தெரியாதவர் எல்லோரையும் எழுத்தறிவில்லாதவர் என்று ஒரு கோட்டுக்குள் அடைத்துவிட்டால் இது கண்ணில் படாது.

அவர் எழுதிய சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழகத்தின் உள்நாட்டு இராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர், அதாவது ஹனஃபி சட்டப்பள்ளியைச் சேர்ந்தவர்கள். கடற்கரை மரைக்காயரும் இலங்கைச் சோனகரும் ஷாஃபி மத்ஹபினர். யெமன், ஹள்றமௌத்துக் கரையிலிருந்து காற்றோடு வந்த வணிகரின் மத்ஹப் அது. கேரளக் கரையிலும் சுமாத்திராவிலும் ஜாவாவிலும் அதே மத்ஹப் இருப்பதற்கு இதுவே காரணம். ஷாஃபி சட்டத்தின் அடிமரம் 13ஆம் நூற்றாண்டில் சிரியாவின் நவா ஊரைச் சேர்ந்த இமாம் நவவி எழுதிய ‘மின்ஹாஜ்’. 16ஆம் நூற்றாண்டில் மலபாரைச் சேர்ந்த செய்னுத்தீன் மக்தூம் ‘ஃபத்ஹுல் முஈன்’ எழுதினார். பொன்னானி மரபில் வளர்ந்த அந்த நூல் இன்றைக்கும் மதரசாப் பாடம். நவாவிலிருந்து பொன்னானி, அங்கிருந்து கீழக்கரை, அங்கிருந்து வெலிகமையும் காலியும் கொழும்பும். சட்டம் வந்த பாதை இது. இந்தப் பாதையின் கடைசிப் பகுதியில்தான் அது தமிழ் பேசத் தொடங்கியது.

அறபு எழுத்தில் தமிழை எழுதுவது ஏன்? மதப்பற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது தொழில்நுட்பக் காரணம். அறபில் நெஞ்சுக்கு ஒரு சொல், நாய்க்கு ஒரு சொல். தொண்டையில் எழும் ஒலிக்கும் அண்ணத்தில் எழும் ஒலிக்கும் உள்ள வேறுபாடுதான் இரண்டையும் பிரிக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘கல்பு’ ஆகிவிடும். ஷாஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணோடு கழுவ வேண்டும்; நெஞ்சில் நிய்யத்து இல்லாமல் தொழுகை கூடாது. இரண்டு விதியும் ஒரே நூலில் வருகின்றன. எழுத்து மயங்கினால் சட்டம் மயங்கும். அதனால் அறபின் 28 எழுத்தையும் வைத்துக்கொண்டு, அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் கீற்றும் சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். ட, ண, ள, ழ, ங, ஞ எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது.

விலையும் இருந்தது. அந்த எழுத்துக்கு ஈய அச்சு கிடைப்பது அரிது. மானிப்பாயில் அச்சுக்கோப்பாளர் தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது, அறபுத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தன. எழுதுபவர் கையால் எழுதிய பக்கம் அப்படியே கல்லில் ஏறித் தாளில் இறங்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எழுத்தறியாத தமிழருக்கு அது அறபுப் புத்தகம், தமிழறியாத அறபிக்கு அதுவும் புரியாத ஒன்று. இரண்டு சபையிலும் அந்நியனாக நின்ற நூல் அது.

இங்கே கிறீனோடு ஒப்பிட்டால் இன்னொன்று வெளிப்படுகிறது. கிறீனும் அவருடைய மாணவர்களும் உண்டாக்கிய கலைச்சொற்கள் பெரும்பாலும் வடமொழிக் கூட்டுகள். 1872இல் வந்த உடற்கூற்று நூலின் பெயர் ‘மனுஷ அங்காதிபாதம்’. உடற்றொழிலியலுக்குச் சுகரணம், அறுவை வைத்தியத்துக்கு இரணவைத்தியம், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம். படித்த இந்து, கிறிஸ்தவ மாணவனுக்கு அவை கௌரவமான சொற்கள். அறபுத் தமிழ்ச் சட்ட நூல்கள் வேறு வழியில் போயின. சட்டத்தின் முடிச்சுகளான ஃபர்ளு, சுன்னத், மக்ரூஹ், ஹராம், மஹர், வலீ, தலாக், இத்தா ஆகியவை அறபாகவே நின்றன. சுற்றியிருந்தவை பச்சைத் தமிழ். ஸலாத்து என்று சொல்லத் தெரியாமலா தொழுகை என்றார்கள்? ஸவ்முக்கு நோன்பு, மஸ்ஜிதுக்குப் பள்ளிவாசல், ஈதுக்குப் பெருநாள். இவற்றில் பள்ளி சமணர் இருந்த காலத்துச் சொல், நோன்பும் பழஞ்சொல். நடுவில் அறபு, சுற்றிலும் பழந்தமிழ், வடமொழி வாசனை மிகக் குறைவு. கலைச்சொல்லாக்க வரலாறு எழுதியவர்கள் இதை ஒரு தனி முறையாகவே எடுத்துப் பேசியிருக்க வேண்டும். ‘மனுஷ அங்காதிபாதம்’ இருக்கும் தட்டில் ‘ஃபத்ஹுத் தய்யான்’ இருக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

மறுப்பும் உண்டு. ஃபிக்ஹு நூல் நீதிமன்றச் சட்டமல்ல என்பார்கள். சரிதான். வுளூச் செய்வது எப்படி என்று சொல்லும் நூலை நீதவானிடம் யாரும் நீட்டப்போவதில்லை. ஆனால் இஸ்லாமியச் சட்டத்தில் வழிபாடும் கொடுக்கல் வாங்கலும் கலியாணமும் சொத்துப் பிரிப்பும் ஒரே நூலின் அத்தியாயங்கள். நீதிமன்றத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று வெட்டிப் பிரித்தது பின்னால் வந்த அரசுகள்.

அந்த வெட்டு எங்கள் ஊர்களில் நடந்த விதம் விநோதமானது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஒல்லாந்த மொழியில் எழுதினார். பிறகு தமிழாக்கி, பன்னிரண்டு முதலியார்களுக்குக் காட்டி ஒப்பம் பெற்றார்கள். முஸ்லிம்களுக்கான சட்டத் தொகுப்போ பத்தாவியாவில் ஒல்லாந்தர் வைத்திருந்த தொகுப்பின் வழி வந்தது. அது கொழும்புச் சோனகத் தலைவர்களுக்குக் காட்டி இசைவு பெறப்பட்டு, அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியில் 1806 ஆகஸ்ட் 5ஆம் திகதி சட்டமாயிற்று. அதே 1806இல்தான் தேசவழமைக்கும் ஆங்கில அரசு முழுச் சட்ட வலு கொடுத்தது. இரண்டும் ஒல்லாந்தத் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள். முஸ்லிம் தொகுப்பு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் தீவு முழுவதற்கும் விரிந்தது. அப்படியே மானிப்பாய் வீதியின் ஒரு முனையில் முதுசமும் தேடியதேட்டமும் சீதனமும், மறுமுனையில் மீராஸும் மஹரும் வக்ஃபும் என்று சட்டம் பிரிந்து நின்றது. காணியின் முன்விலைக் கொள்வனவு உரிமை மட்டும் தேசவழமையிலிருந்து வந்து, ஆளைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்கும் விதியாக வட மாகாணத்தில் நின்றது.

பிறகு சட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. 1929இல் முஸ்லிம் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது 1937இல் நடைமுறைக்கு வந்தபோது முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதிகளும் வந்தார்கள். 1931இல் மரணசாசனமில்லா வழியுரிமையும் வக்ஃபும் பற்றிய சட்டம். 1951இல் இன்றும் நடைமுறையிலுள்ள முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்; 1954 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கட்சிக்காரர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அந்த மத்ஹபின் சட்டமே பொருந்தும் என்று அது சொல்கிறது. அப்படியானால் ஷாஃபி சட்டம் எதுவென்று நீதிபதி எங்கே பார்ப்பார்?

‘மின்ஹாஜில்’ பார்த்தார்கள். ஆனால் எந்த மின்ஹாஜ்? ஒல்லாந்த அறிஞர் வான் டென் பெர்க் 1882 முதல் 1884 வரை பத்தாவியாவில் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்தப் பிரெஞ்சிலிருந்து, சிங்கப்பூரில் நீதிபதியாக இருந்த ஹோவர்ட் 1914இல் ஆங்கிலத்தில் ஆக்கினார். அந்த ஆங்கிலப் புத்தகம்தான் எங்கள் நீதிமன்ற மேசைகளில் ஷாஃபி சட்டத்தின் குரலாயிற்று. டமாஸ்கஸ் அறபு, பத்தாவியாப் பிரெஞ்சு, இலண்டன் ஆங்கிலம் என்று மூன்று வாய்மாறி வந்த விதி, தமிழ் பேசும் ஒரு சோனகக் கணவன் மனைவியின் வழக்கில் தீர்ப்பாக வந்தது. அதே மத்ஹபின் விதிகளைத் தமிழில் சொன்ன நூல் அந்தக் குடும்பத்தின் வீட்டு அலுமாரியில் இருந்திருக்கலாம். அது ஆதாரம் என்று எவருக்கும் தோன்றவில்லை. சட்டத்தின் அதிகாரம் மூலத்தோடு நெருக்கத்தால் வருவதில்லை, மொழியின் பதவியால் வருகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் இலங்கையில் எனக்குத் தெரியாது. ‘ஃபத்ஹுத் தய்யானும்’ ஆங்கில உலகுக்குள் வந்தது 1963இல். ஸைஃபுத்தீன் ஆனிஃப்-டொரே அதை மொழிபெயர்க்க, கொழும்பில் வெளியிட்டார்கள். அதற்குள் வழக்குத் தீர்ப்புகளின் மரபு உறைந்துவிட்டது.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கில வாசகத்துக்குள் அறபுச் சொற்கள் பல இருக்கின்றன. ஒரு தமிழ்ச் சொல்லும் அவற்றின் நடுவே உட்கார்ந்திருக்கிறது: கைக்கூலி. பொதுத் தமிழில் அதற்கு இலஞ்சம், கூலிக்கு மாரடிப்பவன் என்ற பொருளும் உண்டு. சட்டத்தில் அது பெண்வீட்டார் பெண்ணின் பொருட்டு மணமகனிடம் கொடுக்கும் பணம் அல்லது பொருள். மஹர் மாப்பிள்ளையிடமிருந்து பெண்ணுக்குப் போவது, நவவி அறிந்தது. கைக்கூலி எதிர்த்திசையில் போவது, நவவி அறியாதது. எங்கள் கரையின் வழக்கம். சீதனத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொன்னால் தவறில்லை. நூலுக்கும் வழக்குக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டு, விவாகரத்தின்போது அதைத் திருப்பிப் பெறவும் வழி வைத்தது. அந்த ஒப்புதல் தமிழ்ச் சொல்லில்தான் வர முடிந்தது.

சோனகர் தெருப் பக்கம் திரும்புவோம். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் இந்தக் கதைக்கு மிக வேண்டியவர். தந்தை அபூபக்கர் யாழ்ப்பாணத்துப் பிறக்டர். மகன் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமானார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர். சைவப் பள்ளிக்கூடத் தமிழும் குர்ஆன் மதரசாவின் அறபும் ஒரே பிள்ளையின் காதில் ஏறியதன் பலன் அவருடைய எழுத்து. அறபுத் தமிழை ‘எங்கள் அன்புத் தமிழ்’ என்று தலைப்பிட்டு எழுதியவர். அது ஒரு மதத்தாரின் இரகசிய எழுத்தல்ல, தமிழின் இன்னொரு உடுப்பு என்பது அவர் நிலைப்பாடு. 1973இல் மறைந்தார். பேராசிரியர் ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். இமாமுல் அரூஸின் வழித்தோன்றலான தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் சரந்தீபிலும் தமிழகத்திலும் அறபு, அர்வி எனப்படும் அறபுத் தமிழ், பாரசீகக் கல்வி பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் தந்தார். ஆனால் இந்த ஆய்வுகளின் பெரும்பகுதி காப்பியம், மாலை, கிஸ்ஸா, மசலா என்று இலக்கியத்தின் பக்கமே சாய்ந்தது. சீறாப்புராணத்துக்குக் கிடைத்த உரைகாரர்கள் ‘மகானிக்கு’க் கிடைக்கவில்லை. சட்டநூலை யார் இரசிப்பது?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உடுப்பும் சில நூறு ரூபாவும் தவிர எதையும் கொண்டுபோக விடவில்லை. தாத்தாவின் கிதாபு அந்தக் கணக்கில் வராது. வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பலர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். சோனகர் தெரு வீடுகள் கூரையும் கதவும் இழந்து நின்றதை மானிப்பாய் வீதியால் வேலைக்குப் போய்வந்த எல்லோரும் பார்த்தோம். பார்த்துக்கொண்டு போனோம். கல்லச்சுப் புத்தகங்கள் எத்தனை கூரையோடு போயின என்பதற்குக் கணக்கெடுத்தவர் இல்லை. திரும்பி வந்த குடும்பங்களும் சிலவே.

இப்போது விவாதம் வேறு இடத்தில் நிற்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. பெண்கள் காதியாகலாமா, ஷாஃபிப் பெண்ணின் நிக்காஹில் வலீயோடு அவளும் கையொப்பமிட வேண்டுமா, குறைந்த வயது எது என்பவை கேள்விகள். குழுவே இரண்டாகப் பிரிந்தது. இரு தரப்பும் மத்ஹப் நூல்களை மேற்கோள் காட்டுகின்றன. அறபு மூலத்திலிருந்து, அல்லது ஆங்கிலத்திலிருந்து. அந்தக் கேள்விகளோடு வாழ்கிற பெண்களின் பாட்டிமார் தமிழில் படித்த நூல் இந்த விவாதத்தில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. பாட்டியின் நூல் சீர்திருத்தத்துக்கு உதவுமா என்பது எனக்கு ஐயம்தான்; மாப்பிள்ளை லெப்பை 19ஆம் நூற்றாண்டின் ஷாஃபி அறிஞர், அவரிடம் இன்றைய விடையைத் தேடுவது நியாயமல்ல. ஆனால் எந்த விதியை எந்தத் தமிழ்ச் சொல்லால் அவர் விளக்கினார், எங்கே அறபை அப்படியே விட்டார் என்பது தெரிந்தால், இன்றைய சண்டையில் பாதிக்குக் காரணமான மொழிபெயர்ப்பு மயக்கங்கள் தீரும்.

கிறீன் தம் நூல்களோடு நின்றுவிடவில்லை. மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுத்துச் சொற்றொகுதிகளும் அச்சிட்டார். மானிப்பாயில் 1872இலும் 1875இலும் அவை வெளிவந்தன. ‘மகானிக்கு’ அப்படியொரு சொற்றொகுதி வேண்டும். தமிழ் எழுத்தில், அறபு ஒலிகளைப் பிரித்துக் காட்டும் குறிகளோடு. கல்பு என்ற இரு சொற்களையும் இரண்டு தனிப் பதிவாகப் போட்டு, முதலாவதற்கு நேரே நெஞ்சு என்றும் அடுத்ததற்கு நேரே நாய் என்றும் எழுதித் தொடங்கலாம்.